ஜாடிக்குரிய உப்பு

சீருடை தைக்கும் கடையின் பின்னறையில், சுவரைப் பார்த்துப் போடப்பட்ட காஜா இயந்திரத்தின் முன் இருபத்தாறு ஆண்டுகளாக அமர்ந்திருப்பவர் அவர். சட்டைகளுக்குப் பொத்தான் துளை எடுப்பது வேலை. அவரைவிட மூத்தவரான கட்டிங் மாஸ்டர் உட்பட, கடையில் எல்லாரும் அவரைக் 'காஜாக்கா' என்றே அழைத்தார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் நாளொன்றுக்கு முந்நூறு சட்டைகள் வரும். மாலையில் எழுந்திருக்கும்போது அவருடைய வலது தோள் உடம்போடு எழாது. சற்றுப் பொறுத்துத்தான் வந்து சேரும்.

ஆண்டுக்கு ஒருமுறை, எலுமிச்சை மலியும் காலத்தில், நூறு பழம் வாங்கி நான்கு ஜாடிகளில் ஊறுகாய் போடுவார். ஆசையினால் அன்று. காலை ஏழரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவருக்கு, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது ஒன்று அடுப்பின் தயவில்லாமல் வேண்டியிருந்தது.

அவர் போட்ட ஊறுகாய் கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. ஜாடிகளைக் கொதிநீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வாய் மேலாக வைத்துக் காயவிடுவார். கவிழ்த்து வைத்தால் அடியில் ஈரம் தங்கிவிடும் என்பது அவர் ஒரு ஜாடியை இழந்து கற்றது. பழங்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைப்பார். தகர மூடியைப் புளிப்பு அரிக்காதபடி நடுவே தடித்த பிளாஸ்டிக் தாளை இடுவார். அடுப்புச் சூடு படாத இடம் அந்த ஒற்றையறை வீட்டில் கட்டிலுக்கடியில் மட்டுமே இருந்தது, ஜாடிகள் அங்கேதான். வாரத்துக்கு வேண்டியதைச் சிறு புட்டியில் மாற்றிக்கொண்டு, பெரிய ஜாடியை மறுபடி மூடிவிடுவார்.

"காஜாக்கா வீட்ல ஜாடிகிட்ட போகணும்னா, குளிச்சுத் தலை காயவெச்சுட்டுத்தான் போகணுமாமே?" என்று கட்டிங் மாஸ்டர் ஒருநாள் சீண்டினார்.

"தலை மட்டும் இல்ல மாஸ்டர், வாயும் காஞ்சிருக்கணும். நீங்க பேசினாலே சாரல் அடிக்குது."

அவருடைய கணவர் முப்பது ஆண்டுகள் நகரப் பேருந்து ஓட்டியவர். சென்ற ஆண்டு ஒரு காலையில், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இடது கை சொன்னபடி கேட்கவில்லை. எப்படியோ வண்டியை ஓரங்கட்டினார். அதுவே அவர் ஓட்டிய கடைசி வண்டி. இரத்த அழுத்தம் என்றார்கள். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இன்னொரு முறை வந்தால் கையோடு நிற்காது என்று மருத்துவர் எச்சரித்தார்.

அன்றே வீட்டிலிருந்த ஊறுகாயெல்லாம் காஜாக்காவோடு தையல் கடைக்குப் போயிற்று. டிரைவரின் சாப்பாடும் அதன் பின்னாலேயே போயிற்று. இரண்டு வாய் உண்டுவிட்டுக் கையைக் கழுவினார். நான்கு மாதங்களில் அவருடைய பெல்ட்டில் மூன்று புதுத் துளைகள் தேவைப்பட்டன; அவற்றையும் காஜாக்காவே எடுத்தார்.

"மருந்து மாதிரி இருக்கும்மா இந்தச் சோறு. ஒரு துண்டு ஊறுகாய் குடு, பேசாம தின்னுட்டுப் போறேன்."

உப்பைக் கொடுத்தால் ஆள் விழுந்துவிடுவார். கொடுக்காவிட்டால் இப்படியே கரைந்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாகக் காஜாக்காவுக்குத் தோன்றியது. நூறு பழத்துக்கு ஒரு கிலோ உப்பு என்பது வழக்கம். மருத்துவர் பாதி என்றார். அந்த ஆண்டு அவர் அரைக் கிலோ போட்டார். வேலை முடிந்து வந்து மூன்று மாலைகள் உட்கார்ந்து பழம் நறுக்கினார். ஊசி கீறிய விரல்களில் எலுமிச்சைச் சாறு ஏறி எரிந்தது.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஜாடிகளை வெளியே இழுத்துத் திறந்தார். முதல் ஜாடியில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைத் திறக்கும் முன்பே தரையில் உட்கார்ந்துகொண்டார். அதிலும் வெள்ளைதான்.

"என்ன, ஜாடிக்கு நரை விழுந்துடுச்சா?" என்றார் கட்டிலில் இருந்த டிரைவர்.

"மூணும் போச்சுங்க."

"மேலால வழிச்சு எறிஞ்சுட்டு வெயில்ல வை. சரியாயிடும்."

"மேல தெரியறதை வழிக்கலாம். உள்ள எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு யார் பார்த்தா? இதைத் தின்னுட்டு வயித்தையும் பிடிச்சுக்கிட்டுப் படுத்தீங்கன்னா, நான் எதுக்குன்னு ஓடறது?"

நான்காவது ஜாடி தெளிவாக இருந்தது. ஒரே நாள், ஒரே பழம், ஒரே கை. இது மட்டும் எப்படித் தப்பியது? ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"இதுல யாருங்க உப்பு போட்டது?"

டிரைவர் கூரையைப் பார்த்தார். மின்விசிறியின் இறக்கைகளை எண்ணுகிறவர்போல் வெகுநேரம் பார்த்தார்.

"சப்புன்னு இருந்துச்சும்மா. நீ வேலைக்குப் போனதும் தினம் ஒரு துண்டு எடுப்பேன், கொஞ்சம் உப்பு போடுவேன். காஞ்ச கைதான். கரண்டியத் துடைச்சுட்டுத்தான் விட்டேன். அந்தப் பிளாஸ்டிக் தாளைக்கூட மறக்கலை."

எல்லா விதிகளையும் காத்து ஒன்றை மட்டும் மீறியிருந்தார். கத்துவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அன்று காஜாக்காவிடம் அது இல்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பெடுத்து அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நர்சம்மா கையில் பட்டையைச் சுற்றி இருமுறை அளந்தார். அளவு ஏறியிருந்தது.

"என்ன சாப்பிடறீங்க டிரைவர் சார்? உண்மையச் சொல்லுங்க."

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அரைக் கிலோவில் தொடங்கிக் காஜாக்காவே எல்லாவற்றையும் சொன்னார்.

"நீங்க ஏம்மா ஜாடியில கொறைச்சீங்க?" என்றார் நர்சம்மா. "ஜாடிக்கு என்ன பிரஷரா? ஜாடிக்கு வேண்டிய உப்பு அதுல இருக்கட்டும். இவர் தட்டுக்கு வர்றதைக் கொறைங்க. இருங்க, டாக்டரைக் கேட்டுட்டு வரேன்."

உள்ளே போய்த் திரும்பினார். வாரத்துக்கு இரண்டு துண்டு. அதுவும் விரல்நகம் அளவு, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துப் பிழிந்து. மற்ற நாளில் கிடையவே கிடையாது.

வீடு திரும்பும் வழியெல்லாம் காஜாக்கா கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை ஆண்டுகள் ஜாடியை நினைத்து உப்புப் போட்டவர், இந்த முறை மட்டும் கணவரை நினைத்துப் போட்டிருந்தார். எழுபத்தைந்து பழம் குப்பைக்குப் போயிற்று. மூன்று ஜாடிகளைக் கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும், பழம் இன்னும் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது.

புதன்கிழமை மாலை, முதல் துண்டு. மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்து தட்டின் ஓரத்தில் வைத்தார். டிரைவர் அதை விரலால் புரட்டிப் பார்த்தார்.

"குளிப்பாட்டித் துவைச்சுல்ல கொண்டாந்திருக்கே."

"வேண்டாம்னா எடுத்துடறேன்."

"வெச்சதை எடுக்காதே."

ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டு சோற்றைத் தின்றார். மறுபடி ஒரு துணுக்கு. தோல் மட்டும் மிஞ்சியபோது அதையும் மென்றார். தட்டில் சோறு கால் பங்குதான் மிஞ்சியிருந்தது. நேற்று பாதிக்குமேல் மிஞ்சியிருந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்து, கட்டிலுக்கடியில் இருந்த ஜாடியைக் காலால் மெல்லத் தள்ளினார்.

"இதை இங்க வெக்காதேம்மா. கடைக்குக் கொண்டுபோயிடு. வாரத்துக்கு ரெண்டு துண்டு நீயே எடுத்துட்டு வா."

"தொட மாட்டேன்னு சொல்லுங்க, போதும்."

"சொல்லுவேன். இப்ப கேட்டா சத்தியமே பண்ணுவேன். மதியம் ஒரு மணிக்கு, தனியா உக்காந்திருக்கும்போது, நான் வேற ஆளு."

காஜாக்கா ஜாடியைத் துணியில் சுற்றி முடிச்சிட்டுக் கதவோரம் வைத்தார். பிறகு பாத்திரத்தில் மிஞ்சியிருந்த சோற்றைத் தமக்குப் போட்டுக்கொண்டார். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கட்டிய முடிச்சை அவிழ்க்க எழுந்திருக்கவும் மனமில்லாமல், அப்படியே சாப்பிட்டு முடித்தார்.