அத்தானுக்கு நான் விற்ற ஓட்டக்காரன்

அத்தான் என்னை ஏமாற்றியது ஒரு பிறந்தநாள் விழாவில், நான் இரண்டு கையிலும் ரோல்ஸ் தட்டோடு நின்ற நேரத்தில். "மச்சாள், என்ரை ஓட்டக்காரனை எடுங்கோ, உங்கடை சின்னப் பெடியனைத் தாங்கோ" என்றார். அவருடைய ஆள் அப்போது அமெரிக்கக் கால்பந்தில் பெரிய பெயர். ஓம் என்றேன். அவனுடைய முழங்கால் சவ்வு கிழிந்த செய்தியைக் கைத்தொலைபேசியில் படித்துவிட்டுத்தான் அவர் என்னிடம் வந்திருந்தார். கேக் வெட்டி முடிவதற்குள் எனக்கும் தெரிந்துவிட்டது.

ஜெர்மனியில் டோர்ட்மண்டிலும் கெல்சென்கிர்ச்சனிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் சேர்ந்து அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஃபேன்டஸி லீக் நடத்துகிறோம். ஆளுக்கொரு கற்பனை அணி. நிஜ ஆட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுவது எங்களுக்குப் புள்ளியாகும். வாங்கிய ஆள் வருடக்கணக்காக எங்களோடு இருப்பான். அதனால் இன்று எப்படி ஓடுகிறான் என்பதைவிட, இன்னும் எவ்வளவு காலம் ஓடுவான் என்பதற்குத்தான் விலை. சாட்சியோடு ஓம் சொன்னால் பிறகு மாற்ற முடியாது. லீக்கின் தலைவர் அத்தான். ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்டபோது, "சொன்னது சொன்னதுதான்" என்று எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். அவரைக் கட்டிய என் அக்காவும் சிரித்தாள். அதற்குப் பிறகு எந்த விழாவுக்குப் போனாலும் யாராவது என்னிடம் முழங்கால் சுகமா என்று கேட்பார்கள். கேட்டவர்களை மன்னித்துவிட்டேன். அத்தானை மன்னிக்கவில்லை. அவரையும் ஒரு நாள் அப்படி நிற்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்குப் போகும் ரயிலில் படிக்கத் தொடங்கினேன். ஓட்டக்காரன் இருபத்தேழைத் தாண்டினால் கிழவன். பந்தோடு ஓடும் ஒவ்வொரு முறையும் அவன் மேல் மலைபோல நாலு பேர் விழுகிறார்கள். உடம்பு எத்தனை நாள் தாங்கும்? முன்னால் நின்று வழி திறந்துவிடும் தடியர்கள் வேறு அணிக்குப் போய்விட்டால் எந்தக் கெட்டிக்காரனும் நொண்டத்தான் வேண்டும். பந்தை எறிந்தால் பிடிக்கத் தெரிந்தவன் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிலைப்பான். அத்தான் இதொன்றையும் பார்க்கமாட்டார். வீடியோவில் ஒருவன் நாலு பேரைத் தாண்டி ஓடினால் போதும், மனுசன் விழுந்துவிடுவார்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் என்னிடம் இருந்த ஒருவன் எல்லாரையும்விட நன்றாக ஓடினான். வசந்தத்தில் அவனுக்கு வழி திறந்த இரண்டு தடியர்கள் அணியை விட்டுப் போனார்கள். அணி புதிதாக ஓர் இளந்தாரி ஓட்டக்காரனையும் எடுத்தது. என் ஆளுக்குப் பந்து பிடிக்கவும் வராது. விற்கிற நேரம் வந்துவிட்டது. ஆனால் நானாகப் போய் விற்கக் கூடாது, அவராக வந்து கேட்க வேண்டும்.

வயதுக்கு வந்த தன் மகளின் சாமத்தியவீட்டு விழாவில் கேட்டார். பட்டு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம்.

"மச்சாள், அவனைத் தாறீங்களோ?"

"ஏலாது அத்தான். அவன் போனால் என்ரை அணியிலை என்ன இருக்கு?"

தன்னுடைய கெட்டிக்கார இளம் ஆளைத் தருகிறேன் என்றார். நான் பெருமூச்சு விட்டேன். அடுத்த வருடம் வரும் புது ஆட்டக்காரர்களில் தன் முதல் தேர்வையும் தருகிறேன் என்றார். பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்து ஓம் சொன்னேன். சந்தோஷம் தாங்காமல் மேடைக்குப் போய், வந்தவர்களுக்கு நன்றி சொல்லும் மைக்கிலேயே அறிவித்தார். என்னவென்று தெரியாமலே மண்டபம் கைதட்டியது.

இலையுதிர்காலத்தில் அந்த அணி புதிதாக எடுத்த இளந்தாரிதான் ஓடினான். நான் அத்தானுக்கு விற்ற ஆள் ஆட்டமில்லாமல் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். அத்தானின் அணி கடைசிக்குப் போனது. விழாக்களில் சனம் அவரைக் கேலிக்குப் பிடித்துக்கொண்டது. நான் மனம் குளிரச் சிரித்தேன்.

தை மாதம் அவர் தனியாக என் வீட்டுக்கு வந்தார். பகிடி, சிரிப்பு ஒன்றும் இல்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"மச்சாள், எங்களுக்குள்ளை விசயம் தெரிஞ்ச ஆள் நீங்கள்தான். இனி ஆரை எடுக்கிறது? நீங்கள் சொன்னால் நான் கேக்கிறன்."

இதைத்தான் இத்தனை வருடமாகக் கேட்கக் காத்திருந்தேன். கேட்டதும் மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை.

ஒரு பெயர் சொன்னேன். அவன் நாலு பேரைத் தாண்டி ஓடும் வீடியோவும் காட்டினேன். அவனுடைய வயதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.