அவனுக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது வயது இருபது. பிரெஞ்சுக் கொடி இறங்கின அடுத்த வருஷம். அரியாங்குப்பத்தில் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. வீட்டுக்காரருக்கு டவுனில் மில் வேலை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்காரர்கள், கத்தோலிக்கர். கல்யாணம் மாதா கோயிலில் நடக்க வேண்டுமென்றால் நான் வேதத்தில் சேர வேண்டும் என்றார்கள். சேர்ந்தேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அவருடைய கடவுளை எனக்குத் தெரியாது.

ஞானோபதேசத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். சாகக் கிடக்கிற குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று அதில் ஒரு பாடம் உண்டு. அதையும்தான் ஒப்பித்தேன். கோயிலில் "விசுவசிக்கிறாயா?" என்று கேட்கக் கேட்க, "விசுவசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன். நாக்கில் உப்பு வைத்தார்கள், தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். வெளியே வந்ததும் நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு, "இன்னைக்கிதாண்டி நீ புதுசா பொறந்தே" என்று அழுதாள். எனக்கு நல்ல பசி. வேறொன்றும் தோன்றவில்லை.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள், எங்களோடுதான் இருந்தாள். விடிகாலைப் பூசையை ஒரு நாளும் விட்டதில்லை. அவளிடம் பொய் சொல்லப் பிடிக்காமல் ஒரு நாள், "எனக்கு அப்படி ஒண்ணும் ஆகல அண்ணி, தலைதான் நனைஞ்சுது" என்றேன். அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

அடுத்த ஐப்பசி மழையில் எனக்கு மாசம் நிறையாமலே வலி கண்டது. மத்தியானம்தான், ஆனால் விளக்கேற்ற வேண்டிய இருட்டு. பக்கத்துத் தெருவிலிருந்து மருத்துவச்சி வந்தாள். முஸ்லிம் அம்மாள், நல்ல கைராசிக்காரி என்று பேர். பிள்ளை பிறந்தது. ஆண். நீலம் பாரித்திருந்தது, அழவில்லை. அவள் அதைத் தலைகீழாகப் பிடித்தாள், தட்டினாள், வாயில் ஊதினாள். நெஞ்சு மட்டும் லேசாக ஏறி இறங்கியது. என் வீட்டுக்காரர் சாமியாரைக் கூப்பிட மழையில் ஓடினார். சாமியார் பிள்ளைச்சாவடியில் சாகக் கிடந்த யாருக்கோ அவஸ்தை எண்ணெய் பூசப் போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

மருத்துவச்சிதான் சொன்னாள். "இது நிக்காதும்மா. உங்க ஆளுங்க தண்ணி ஊத்துவீங்களே, சீக்கிரம் ஊத்திடுங்க."

நாத்தனார் சொம்பை எடுத்தாள். பாதித் தண்ணீர் பாயில் கொட்டியது. தினமும் செபம் சொல்கிற வாய், ஒரு வார்த்தை வரவில்லை. "ஐயோ மாதாவே, ஐயோ மாதாவே" என்றுதான் வந்தது. நான் கிடந்தபடியே சொம்பைப் பிடுங்கினேன். குழந்தையின் தலையில் ஊற்றிக்கொண்டே, "பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றேன். சொல் பிசகவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் இருந்தது, அப்புறம் இல்லை.

சாமியார் நனைந்துகொண்டு வந்தார். வெள்ளைக்காரக் கிழவர், புத்தகத் தமிழ் பேசுவார். ஞானஸ்நானம் செல்லும் என்றால் பிள்ளைக்குக் கல்லறைக்குள்ளே மந்திரித்த மண். செல்லாது என்றால் கல்லறைச் சுவருக்கு வெளியே, முள்ளுச் செடிக்குப் பக்கத்தில். அதை முடிவு செய்யத்தான் அவர் என் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணீர் தலையில் விழுந்ததா? ஓடிற்றா?"

"ஓடிச்சி சாமி."

"என்ன வார்த்தை சொன்னாய்?"

சொன்னேன். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "சாமி, இவளுக்கு விசுவாசமே கெடையாது. எங்கிட்டயே சொல்லியிருக்கா. இவ ஊத்துனது புள்ளக்கிச் சேருமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளைக் கொன்றுபோடலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவள் என்மேல் வன்மத்தில் சொல்லவில்லை, பிள்ளைமேல் பயத்தில்தான் சொன்னாள்.

சாமியார் என்னைத்தான் பார்த்தார். "ஊற்றும்போது என்ன நினைத்தாய்?"

"நீங்க இருந்தா என்ன செய்வீங்களோ அதைச் செய்யணும்னு."

"போதும். கொடுப்பவளின் விசுவாசம் வேண்டியதில்லை. பிள்ளைக்காகத் திருச்சபை விசுவசிக்கிறது. அவன் மறுபடி பிறந்துவிட்டான்" என்று எழுந்துகொண்டார்.

கோயில் மணியை அடித்தார்கள், துக்க மணி இல்லை, திருநாள் மணி. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை சம்மனசு, தேவதூதன், அதற்கு அழக் கூடாது என்று வந்தவர்களெல்லாம் புத்தி சொன்னார்கள். அழாமல் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பால் வற்ற மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்கள். அந்த வலியில், சம்மனசாம் சம்மனசு என்று எல்லாரையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

தீட்டுக் கழிந்து கோயிலுக்குப் போன அன்றைக்குச் சாமியாரைக் கேட்டேன். "அவன் பொறந்துட்டான். எனக்கும்தானே ஊத்துனீங்க, நான் பொறந்தேனா?"

அவர் பூசி மெழுகுகிற ஆள் இல்லை. "அவன் குழந்தை, தடுக்கிறதற்கு அவனிடத்தில் ஒன்றுமில்லை. நீ வளர்ந்தவள். விசுவாசமில்லாமல் வாங்கிக்கொண்டால் முத்திரை விழும், உயிர் வராது. விசுவசிக்கிற அன்றைக்கு வரும்."

"வரலேன்னா?"

"வேண்டிக்கொள்" என்றார்.

வேண்டிக்கொண்டேன். ஒரு வருஷம், இரண்டு வருஷம். பூசைக்குப் போனேன், ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன். விசுவாசம் என்ன, தட்டினால் தறியில் விழுகிற துணியா? வெறும் முழங்கால்தான் காய்த்தது. அதற்குப் பிறகு வேறு பிள்ளையும் உண்டாகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரருக்குச் சோறு போடும்போது வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "நான் ஊத்தியிருக்கவே கூடாது. ஊத்தாம விட்டிருந்தா, விசுவாசமில்லாத நான் போற பக்கமே அவனும் இருந்திருப்பான். என் கையாலயே அவனை எனக்கு எட்டாம அனுப்பிட்டேன்."

அடிப்பாரோ என்று நினைத்தேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "இல்லேன்னு நெனைக்கிற இடத்துக்கு யாராவது பயப்படுவாங்களா? உனக்கு விசுவாசம் வந்துடுச்சி, உனக்குத்தான் தெரியல" என்றார்.

சந்தோஷம் வரும் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள்? இந்தப் பயம்தான் அதுவென்றால், இத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டா அதைத் தேடினேன்? "அப்போ நான் அவன்கிட்ட போயிடுவேனா?" என்று கேட்டேன்.

அவர் தட்டை நகர்த்திவைத்தார். பிறந்த எட்டாம் நாளே தண்ணீர் ஊற்றப்பட்டவர், ஒரு பூசையும் தவறவிடாதவர்.

"என்னைக் கேக்காதே" என்றார். "நானே போவேனான்னு எனக்குத் தெரியாது."

அவருக்குத் தெரியும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.