பூசையில் வைத்த கணினிகள்

என் மகள் ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறாள். போன வாரம் அவளுடைய மடிக்கணினித் திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்து நின்றுகொண்டது. மென்பொருளின் மாதச் சந்தா முடிந்துவிட்டதாம். அதைப் புதுப்பித்தால்தான் அவள் வரைந்து வைத்திருக்கும் படங்கள் திறக்குமாம்.

"நான் வரைஞ்சத நானே பார்க்க வாடகையா?" என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். பிறகு, "பரவால்லம்மா, கூடப் படிக்கிறவன்கிட்ட காசில்லாம ஓடற கிராக் காப்பி இருக்கு, வாங்கிப் போட்டுக்கறேன்" என்றாள். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்பதைப் போலத்தான் சொன்னாள். "வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"ஏம்மா, போலீசா வரப்போகுது?"

போலீஸ் வரவில்லை. எங்களுக்கு வந்தவர்கள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கியது. எனக்கு அப்போது பத்து வயது.

சிகாமட் ஊரில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் என் தாய்மாமாவின் கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், மாதா கோயிலின் ஞாயிற்றுக்கிழமைத் தாள் எல்லாம் அங்கேதான் தயாராகும். மூன்று கணினிகள். ஆறு பொங்கினால் தண்ணீர் கடைக்குள் வந்துவிடும் என்பதால் மேசைகளின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார். நாங்கள் பிள்ளைகள் அதற்கேற்ற உயரமான நாற்காலிகளில் ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் படாது.

அந்தக் கணினிகளில் ஓடிய எந்த மென்பொருளையும் மாமா முறைப்படி விலை கொடுத்து வாங்கியதில்லை. ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடிக்குப் போவார். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய காப்பியடித்த சிடி வட்டுகளோடு வருவார். அவை எல்லாம் அத்தையின் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். டின் அரிசிச் சாக்குக்குப் பின்னால் இருக்கும்.

என் அப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவருக்கு இது பொறுக்காது. "திருட்டு திருட்டுதான் மச்சான்" என்பார். சொல்லிக்கொண்டே தன் வகுப்புக்கான பரீட்சைத் தாளை அங்கேயே தட்டச்சு செய்து வாங்கிக்கொள்வார்.

"திருட்டுன்னா ஒருத்தன்கிட்ட இருந்தது இல்லாமப் போகணும் அத்தான்" என்பார் மாமா. "அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட என்னா கொறைஞ்சிருச்சு? இந்தக் கடைய வித்தாக்கூட அவன் சொல்ற வெலைக்கு மூணு கம்ப்யூட்டருக்கும் வாங்க முடியாது. அவன் நமக்கா செஞ்சான்? அமெரிக்காக்காரன் சம்பளத்துக்கு செஞ்சான்."

இந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் தீபாவளி முறுக்கைப் போல. ஒவ்வொரு வருடமும் அதே மாவு, அதே அச்சு. ஆனால் அந்த வருடம் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

மாமா சொந்தமாக ஒரு தமிழ் எழுத்துரு வரைந்திருந்தார். பல வருட வேலை. 'ழ'கரத்தின் வால் மட்டும் சரியாக வரவில்லை என்று வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருப்பார். அத்தையின் சேலை மடிப்பைப் பார்த்துத்தான் அந்த வளைவு பிடிபட்டது என்று சொல்லி அத்தையை வெட்கப்பட வைப்பார். அந்த எழுத்தில் அடித்த பத்திரிகை கையில் வந்தால், படிக்காதவர்கள்கூடக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்கள். ஒருநாள் பாலோ ஊரிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் அதே 'ழ' இருந்தது. அச்சடித்தது சந்தைக்கு எதிரே இருந்த இன்னொரு கடை. மாமாவிடம் கொஞ்ச நாள் வேலை செய்த ஒருவர் அங்கே போகும்போது எழுத்துருவை ஒரு நெகிழ்வட்டில் கொண்டுபோயிருந்தார்.

மாமா அன்று சாப்பிடவில்லை. "என் எழுத்த திருடிட்டான் அத்தான்!"

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ பண்ணா காப்பி, அவன் பண்ணா திருட்டா? உன்கிட்ட என்னா கொறைஞ்சிருச்சு மச்சான்?"

"அது கம்பெனி. இது நான்" என்றார் மாமா.

அதற்குப் பிறகு அவர் கடையில் இருந்த அந்த எழுத்துருவின் பிரதிகளையெல்லாம் அழித்தார். சுவரோரம் இருந்த ஒரே கணினியில் மட்டும் எழுத்துருவை வைத்து அதற்குக் கடவுச்சொல்லும் போட்டார். இனி எவனும் எடுக்க முடியாது என்றார்.

அந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு அத்தை கடை முழுவதையும் கழுவித் தள்ளினார். சோறு போடும் பொருளை எல்லாம் சாமி முன்னால் வைக்க வேண்டும் என்பது அத்தையின் கண்டிப்பு. கத்தரிக்கோல், அச்சு இயந்திரத்தின் மைப்புட்டி, காகிதம் வெட்டும் கத்தி, விசைப்பலகைகள். கடைசியில் அரிசிச் சாக்குக்குப் பின்னால் கையை விட்டு அந்த டின்னையும் எடுத்தார்.

"அலமாக், இது எதுக்கு?" என்றார் மாமா.

"இதுலதானே நம்ம பொழப்பு ஓடுது? சாமிக்குத் தெரியாம என்னா மறைக்கிறீங்க?"

வட்டுகளை வாழையிலையில் வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றின் நடுவிலும் சந்தனம், குங்குமம். மூன்று கணினிகளின் நெற்றியிலும் பொட்டு வைத்து மாலை போட்டோம். பூசை முடிந்துவிட்டால் மறுநாள் காலை மறுபூசை செய்யும்வரை எதையும் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, விசையைப் போடக்கூடாது. எங்களுக்குச் சந்தோஷம். புத்தகமும் பூசையில் இருந்ததால் படிக்கத் தேவையில்லை.

சுண்டலை இலையில் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் வெள்ளை வேன் நின்றது.

மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மலாய்க்காரர், வயதானவர். அட்டையைக் காட்டி, அமலாக்கப் பிரிவு, மென்பொருள் சோதனை என்று மலாயில் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. பின்னால் வந்தவர்களில் ஒருவர் தமிழர், இளைஞர். அவர் மட்டும் வாசலிலேயே காலணியைக் கழற்றினார். அதைப் பார்த்துவிட்டு மற்ற இருவரும் கழற்றினார்கள்.

என் வாயில் இருந்த சுண்டல் அப்படியே நின்றுவிட்டது. அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. எல்லாம் சாமி முன்னால், விளக்கு வெளிச்சத்தில், பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

பெரிய அதிகாரி கடையைச் சுற்றிப் பார்த்தார். பூசை இடத்தில் அவர் பார்வை நின்றது. அது என்ன என்று கேட்டார்.

"சாமிக்கு வெச்சது, துவான்" என்றார் மாமா மலாயில். அவர் குரல் அவருடையதாகவே இல்லை.

பெரியவர் இளைஞரைப் பார்த்துத் தலையசைத்தார். இளைஞர் போய்ப் பூசை முன்னால் நின்றார். விளக்கு அசைய அசைய, குங்குமத்தைச் சுற்றி வட்டுகள் வானவில் நிறத்தில் மின்னின. கீழ் வரிசையில் இருந்த ஒன்றில் ஒரு மென்பொருளின் பெயர் மாமாவின் கையெழுத்தில் இருந்தது. எனக்கு அது வாசலிலிருந்தே தெரிந்தது. அத்தை என் தோளைப் பிடித்திருந்தார். நகம் பதிந்தது.

இளைஞர் குனிந்து, ஒரு சிட்டிகைத் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். திரும்பி, "தொழில் சாமான், துவான். இன்னிக்குத் தொடக்கூடாது" என்று மலாயில் சொன்னார்.

அடுத்து பெரியவர் கணினிகளைக் காட்டி, திறக்கச் சொன்னார்.

மாமா ஏதோ பிடி கிடைத்ததுபோல அதையே பிடித்துக்கொண்டார். இன்று எங்களுக்குப் பூசை நாள், நாளை காலைவரை இவற்றின் விசையைப் போடமாட்டோம், சாமி சத்தியம் என்றார். சொல்லும்போது அந்த இளைஞரைத்தான் பார்த்தார். இளைஞரும் அவரைப் பார்த்தார்.

பெரியவர் மாலை போட்ட கணினியின் பொட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றின் எண்களையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். "எசோக் பாகி" என்றார். நாளைக் காலை. காலணியைப் போட்டுக்கொண்டு முதலில் அவர் இறங்கினார். இளைஞர் கடைசியாக இறங்கும்போது தமிழில் மெதுவாக, "வரோம்ணே. நாளைக்குத்தான் வருவோம்" என்றார். அதில் அந்தத் 'தான்' மட்டும் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது.

வேன் போனதும் என் அப்பாவை வரவழைத்தார்கள். அவர் வியர்த்துக்கொண்டே வந்தார். கதவைச் சாத்தினார். திருட்டு திருட்டுதான் என்று வருடம் முழுக்கச் சொன்னவர், "தொற மச்சான், சீக்கிரம். எல்லாத்தையும் அழிச்சிரு. வட்டு எல்லாத்தையும் குடு, நான் ஆத்துல போட்டுட்டு வரேன்" என்றார்.

மாமா நகரவில்லை.

"என்னா லா, காது கேக்குதா? கோர்ட்டு, கேசுன்னு போனா கடையே போயிரும்!"

"சாமி சத்தியம்னு சொல்லியிருக்கேன் அத்தான்."

"காப்பியடிக்கக் கூசாதவனுக்கு இதுக்குக் கூசுதா?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கம்பெனிக்காரன் மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல. இந்தத் தம்பி என் கண்ணப் பார்த்துட்டுப் போயிருக்கு."

கடைசியில் அத்தைதான் இறங்கி வந்தார். பூசைக்குள் கால் பட்டாலே கத்துகிறவர், அலமாரியிலிருந்து புது நெகிழ்வட்டு ஒன்றை எடுத்து மாமாவின் கையில் வைத்தார். "அழிக்க வேணாம். உங்க எழுத்த மட்டும் எடுத்துக்குங்க. சாமி கோவிச்சுக்காது. நான் வேண்டிக்கறேன்."

மாமா அதை வாங்கிக்கொண்டார். சுவரோரக் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தார். குனிந்து, மேசைக்கு அடியில் செங்கற்களுக்கு நடுவே இருந்த மின்விசையைத் தேடினார். அவர் முதுகு மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. ரயில் ஒன்று போனது. கண்ணாடி அலமாரி அதிர்ந்து அடங்கியது. அந்தச் 'சொடக்' சத்தம் இப்போது வரும், இப்போது வரும் என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

சத்தம் வரவில்லை. மாமா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். முழங்கையில் தூசி. நெகிழ்வட்டைக் கொண்டுபோய் மற்றவற்றோடு வாழையிலையில் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போவதுபோல எங்கோ பார்த்தபடி வெளியே நடந்துவிட்டார். அந்த நெகிழ்வட்டில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை அவர்கள் சொன்னபடி வந்தார்கள். மறுபூசை முடிந்து கற்பூரம் அணையும்வரை வாசலிலேயே நின்றார்கள். பிறகு மாமாவே போய் விசையைப் போட்டார். பெரியவர் ஒவ்வொரு கணினியாகப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். பெட்டிகளை வேனில் ஏற்றச் சொன்னார். வட்டுகளையும் குங்குமத்தோடு அப்படியே ஒரு பையில் போட்டார்கள். எழுத்துருவை எடுத்துக்கொள்ளலாமா என்று அத்தை கேட்டார். இனி அது சாட்சிப் பொருள், யாரும் தொட முடியாது என்றார் பெரியவர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

கடை மூடியது. கணினிகள் திரும்பி வரவில்லை. மாமா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் எதையும் வரைந்து நான் பார்க்கவில்லை. அவருடைய எழுத்து அந்தச் சந்தைக்கடைக்காரரிடம் இருந்த திருட்டுப் பிரதியில் மட்டும்தான் பிழைத்தது. என் கல்யாணப் பத்திரிகை அங்கேதான் அடித்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை பெயரைப் படிக்காமல், 'நிகழும்' என்ற சொல்லில் இருந்த 'ழு'வை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "பரவால்ல, நல்லா வெச்சிருக்கான்" என்றார்.

மகளிடம் நான் இதில் எதைச் சொல்வது? சட்டத்தைச் சொல்வதா, சாமியைச் சொல்வதா? எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்தக் காலையில் கண்ட ஒரே ஒரு முகம்.

சுவரோரக் கணினியைத் தூக்கியவர் அந்த இளைஞர். மாலையைக் கழற்றவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவர், வாசலில் மாமாவின் பக்கத்தில் நின்றார். மற்றவர்கள் வேனில் இருந்தார்கள்.

"ஏண்ணே" என்றார். "அப்படியே வெச்சிருக்கீங்களே..."

"இன்னிக்குக் காலைவரைக்கும் தொறக்க மாட்டேன்னு நான்தானே தம்பி சொன்னேன்" என்றார் மாமா.

இளைஞர் கணினியை மார்பிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். அவர் முகம் கோணியது, கண் சிவந்தது. பிடிபட்டவர் மாமா, பிடித்தவர் இவர். இவருக்கு எதற்கு அழுகை வருகிறது? நான் அவர் சட்டையைப் பார்த்தேன். வெள்ளை மார்பில், பொத்தானுக்குப் பக்கத்தில், கணினியின் சந்தனமும் குங்குமமும் பெரிதாக அப்பியிருந்தன. நல்ல சட்டை வீணாகிவிட்டதே என்றுதான் அழப்போகிறார் என்று புரிந்துகொண்டு, ஈரத்துணி எடுத்து வர உள்ளே ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் வேன் போய்விட்டது.