புலிக்குப் பாவாடை நாடா

என் பேத்தி இப்ப பெரிய படிப்பெல்லாம் படிச்சிட்டா. நான் போனைத் தலைகீழாப் புடிச்சா சிரிக்கிறா. சிரிக்கட்டும். அவ ஒண்ணாங்கிளாஸ் படிக்கையில புலியோட முடிச்ச அவுத்துவிட்டு, அவங்கப்பனைப் பேயறைஞ்ச மாதிரி நிக்க வச்ச கதை என்கிட்ட இருக்கு.

அப்ப நான் விசிட் விசாவுல, துபாய் பக்கத்துல அல் ஐனுக்கு மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் போன நேரம், அவன் கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. காரை வித்துட்டு, பொண்டாட்டி புள்ளைய என்கூட ஊருக்கு அனுப்பிட்டு, அவன் ஒரு ரூம்ல ஒண்டிக்கிட்டு வேற வேலை தேடுறதுன்னு முடிவு. குட்டிகிட்ட மட்டும் லீவுக்குப் போறோம்னு சொல்லி வச்சிருந்தோம்.

காரு என்னைவிடக் கெழவி. ஓட்டத்துல குறை சொல்ல முடியாது. சீட்டுதான் வெயில்ல வெந்து வெடிச்சு, உள்ள இருக்கிற ஸ்பாஞ்சு வெளிய எட்டிப் பாக்கும். பாக்க வந்தவங்க எல்லாம் அதைப் பாத்தே திரும்பிட்டாங்க. கடையில கவர் தைக்கிற காசுக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம்னான் மகன்.

பீரோ மேல ஒரு புலிப் போர்வை கெடந்துச்சு. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க தூக்கிட்டு வருவாங்களே, தடியா, மொசுமொசுன்னு, அதேதான். எனக்குன்னு வாங்கி வச்சது. நம்மூரு வேக்காட்டுல அதைப் போத்துனா புலி என்னைத் தின்னுரும். "கொண்டாடா கத்திரிக்கோலை"ன்னேன்.

மிஷின் கெடையாது. பழைய பேப்பரை சீட்டு மேல விரிச்சு அளவு வெட்டி, கோணி ஊசியால தெச்சேன். இழுத்துக் கட்டுறதுக்கு என் பாவாடை நாடாவையெல்லாம் உருவிட்டேன்.

"அத்தை, அப்ப நீங்க எதைக் கட்டுவீங்க?"ன்னா மருமக.

"கையில புடிச்சுக்கிறேன் போடி."

குட்டி அந்த எடத்தை விட்டு நகரவே இல்ல. புலித்தலை எந்த சீட்டுக்கு, வாலு எந்த சீட்டுக்கு? அப்பா சாஞ்சா புலிக்கு மூச்சு முட்டாதா? ஓட்டையை மூடிட்டா, உள்ள அவ ஒளிச்சு வச்ச பென்சிலெல்லாம் என்னாகும்? கேள்வி தாங்க முடியாம, தலையைப் பின்சீட்டுல அவ பக்கத்துலயே வச்சுத் தெச்சுட்டேன்.

வெள்ளிக்கிழமை காரைப் பாக்க ஒரு பட்டாணிக்காரர், அதான் பாகிஸ்தான் பட்டான், வந்தாரு. வாசல் ஒசரம். புலியைத் தடவிப் பாத்து "அச்சா, அச்சா"ன்னாரு. அந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சதே ரெண்டு வார்த்தை. ஆமான்னா அச்சா, இல்லைன்னா மாஃபி. நானும் "அச்சா"ன்னு தலையாட்டினேன். மகன் சாவியை நீட்டப் போறான், இந்தக் குட்டி உள்ள ஏறி நாடாவைச் சர்ருன்னு இழுத்துட்டா. புலி நழுவிக் காலடியில விழுந்துச்சு.

பள்ளிக்கூடத்து இந்தியில அவர்கிட்ட என்னமோ பெருமையாச் சொன்னா. எங்க அப்பாயி கையாலயே தெச்சது, உள்ள பாருங்க எவ்ளோ பெரிய ஓட்டைன்னு சொன்னாளாம். ஓட்டைக்குள்ள கையை விட்டு ஒரு பென்சிலை எடுத்து அவருக்கே குடுத்தா.

மகன் மூஞ்சில ரத்தமே இல்ல. பட்டாணிக்காரர் பென்சிலைப் பாத்தாரு, ஓட்டையைப் பாத்தாரு, பாவாடையைக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிற என்னையும் பாத்தாரு. அப்புறம் பாருங்க, காரே குலுங்குற மாதிரி ஒரு சிரிப்பு. இந்தப் புள்ள இருக்கிற வீட்டுல எஞ்சின்ல எதையும் ஒளிச்சு வச்சிருக்க முடியாதுன்னு சொல்லி, சாவியை வாங்கிக்கிட்டாரு.

குட்டி நாடாவை மறுபடியும் பூமுடிச்சாக் கட்டிவிட்டா. வெயில்ல நிப்பாட்டாதீங்க, புலிக்குச் சுடும்னு புத்தி வேற சொன்னா. மனுசன் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவாருன்னு அவ நெனப்பு. கார் திரும்புற வரைக்கும் டாட்டா காட்டினா.

ஏர்போர்ட்டுக்கு டாக்சியில போனோம். அந்த சீட்டைத் தடவிப் பாத்துட்டு என் காதுல கேட்டா, "அப்பாயி, நாம திரும்பி வர்றப்ப அப்பா நம்ம புலியக் கூட்டிட்டு வருவாருல்ல?"

எனக்குத் தெரிஞ்சது ரெண்டே வார்த்தை. "அச்சா"ன்னேன். என் மடியில தலையை வச்சுத் தூங்கிட்டா.