இருபது அடி, மூன்று கிலோமீட்டர்

காலையிலிருந்து தாளிச்சா வாசனை மூக்கைத் துளைக்கிறது. எங்கள் பின்பக்கத்துச் சுவரைத் தாண்டி இருபது அடியில் பஷீர் வீடு. இன்று அவனுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. வாசனை சுலபமாக வந்துவிட்டது. நான் போவதென்றால் மூன்று கிலோமீட்டர் என்கிறது செல்போன். நாசமாய்ப் போக!

தாளிச்சா என்றதும் அவனுடைய டிபன் பாக்ஸ் ஞாபகம் வருகிறது. ஓசூரில் ஒரே கம்பெனி, பக்கத்துப் பக்கத்து லேத் மெஷின். என் புளிச்சோற்றை அவனிடம் தள்ளிவிட்டு அவனுடையதைச் சாப்பிடுவேன். வெட்கமெல்லாம் எனக்கு அப்போதும் கிடையாது. இருவருக்கும் அடுத்தடுத்த தெருவில் வாடகை வீடு. எந்தத் தெருவில் நுழைந்தாலும் இன்னொரு தெருவில் வெளியே வரலாம், அப்படி இருந்த ஊர் இது. கம்பெனி பஸ் வந்ததும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஸ்வல்ப இரிண்ணா, பஷீர் சந்துல வர்றான்" என்பேன். டிரைவர் கன்னடத்தில் திட்டிக்கொண்டே நிற்பார். வாயில் பாதி இட்லியோடு ஓடிவருவான்.

பிறகு வயலெல்லாம் மனையாயிற்று. ஒவ்வொரு லே-அவுட்காரனும் தன் தெருவைத் தன் சுவரிலேயே கொண்டுபோய் முட்டவிட்டான். அடுத்தவன் தெருவோடு சேர்த்தால் குடியா முழுகிவிடும்? எங்கள் குடியிருப்போர் சங்கம் எங்கள் இரண்டு தெருவையும் இணைத்த அந்தச் சந்துக்குக் குறுக்கே சுவர் எழுப்ப மனு எழுதியபோது கையெழுத்துப் போட்ட புண்ணியவான்களில் நானும் ஒருவன். "கண்டவங்கெல்லாம் உள்ள வர்றாங்க சார்" என்றார் செயலாளர். அந்தக் கண்டவர்களில் பஷீரும் உண்டு என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அவன் கோபித்துக்கொள்ளவும் இல்லை. "போன் இருக்குல்லடா, விடு" என்றான்.

நாற்பது நாளைக்கு முன் ஒரு காலை, அந்தப் போனில் அவன் மனைவி நூர்ஜஹான். "அண்ணா, அவருக்கு நெஞ்சு வலிக்குதுங்கறாரு. ஆம்புலன்ஸ் ஜாம்ல நிக்குதாம். கார எடுத்துட்டு வாங்கண்ணா."

எடுத்தேன். கேட், சர்வீஸ் ரோடு, லாரி, மேம்பாலத்துக்கு அடியில் யூ டர்ன், மறுபடி லாரி. ஹாரனை அடித்து அடித்துத் தொண்டை கிழியக் கத்தினேன். முக்கால் மணி நேரம். நான் போய்ச் சேர்வதற்குள் அவன் போய்விட்டான்.

நூர்ஜஹான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"உங்க கார் ஸ்டார்ட் ஆன சத்தம் இங்க நல்லா கேட்டுச்சுண்ணா. 'அண்ணன் கெளம்பிட்டாரு, இதோ வந்துருவாரு'ன்னு சொன்னேன். அவரு எந்திரிச்சு உக்காந்து செருப்பு மாட்டிக்கிட்டாரு."