ராயம்மாள் வேண்டாமென்ற மாத்திரை

நான் மலேரியா ஊழியன். பொம்மிடிப் பக்கம் எட்டு ஊர்களுக்குப் பதினைந்து நாளுக்கொருமுறை சைக்கிளில் போவேன். வாசலில் நின்று காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பேன். இருந்தால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நான்கு மாத்திரை கொடுத்து, சுவரில் தேதி போட்டுவிட்டு வருவேன். பன்னிரண்டு வருடமாக அந்த ஒரே கேள்விதான். வேறு கேட்கும் புத்தி எனக்கு வரவில்லை.

எண்பத்து நாலில் ராயம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணமாகி இருபத்தாறு வருடம், பிள்ளையில்லை. அந்தத் தை மாதக் காலையில் ஊரே போர்த்திக்கொண்டிருக்க, அவர் மட்டும் கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்தபடி நின்றார். திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறுகிறதாம், ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறதாம். தூக்கமும் இல்லையாம். தெர்மாமீட்டரில் ஒன்றுமில்லை. சூடு என்றாரே என்று காய்ச்சல் என எழுதிக்கொண்டு விரலில் குத்தினேன். மாத்திரையை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க. வயித்துல இருக்குதுங்க. நாலு மாசம்."

கணவர் சவுரியப்பன் மாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மாதா கோயிலுக்குத் தொட்டில் நேர்ந்திருக்கிறார்களாம்.

என் மனைவி நான்கு பெற்றவள். ஒருமுறையும் தைப்பனியில் இப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. என் அக்காவுக்கு மாதவிலக்கு நிற்கிற வருடத்தில்தான் இதே சூடும், இதே தூக்கமின்மையும் இருந்தன. அது நினைவுக்கு வந்தது. ஆம்பிளைக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று வாயை மூடிக்கொண்டேன். நல்லவன் மாதிரி சிரித்து வேறு வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ரத்தத்தில் மலேரியா இல்லை என்று வந்தது. அதன்பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டில் நான் மாத்திரைப் பொட்டலத்தை எடுக்கவே இல்லை.

பங்குனியில் போனபோது சவுரியப்பன்தான் சொன்னார். ஆறு மாதமாகியும் வயிறு தெரியாததால் தர்மபுரிக்குப் போயிருக்கிறார்கள். லேடி டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, குழந்தை இல்லை, மாதவிலக்கு நிற்கிற வயது, சூடும் வியர்வையும் அதனால்தான் என்றாராம். ராயம்மாள் பக்கத்தில் நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான் கேட்குமுன்பே விரலை நீட்டினார். காய்ச்சல் இல்லையே என்றேன். கையை எடுக்கவில்லை. குத்தினேன், முகம் அசையவில்லை. மாத்திரைகளைக் கேட்டு வாங்கி, நான்கையும் தண்ணீரில்லாமல் ஒவ்வொன்றாக விழுங்கினார். அந்தக் கசப்புக்குக்கூட முகம் சுளிக்கவில்லை.

"இனிமே தின்னலாங்க," என்றார்.

சுவரில் தேதி போட்டேன். அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன்.