தபால் கந்தோரின் மூலைத் தூண்

கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருக்கும் மரத் தபால் கந்தோரைப் பரிசோதித்து அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தபோது, யார் இதைக் கேட்டார்கள் என்றுதான் முதலில் விசாரித்தேன். நான் சிவில் எஞ்சினியர். பழைய கட்டடங்களைப் பார்த்து, அவற்றுக்கு மரபுரிமைப் பெறுமதி உண்டா இல்லையா என்று எழுதிக்கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். உண்டு என்று எழுதினால் கட்டடம் தப்பும். இல்லை என்றோ ஆபத்தானது என்றோ எழுதினால், அந்தக் கந்தோரை மூடி, பெரிய வீதிக்கு அப்பால் இருக்கும் இன்னொன்றோடு சேர்த்துவிடுவார்கள். காணி வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரிடம் திரும்பும். நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள். காணி திரும்பினால் அதில் என்ன முளைக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் வானத்தைப் பார்க்க மொட்டைமாடிக்குத்தான் ஏற வேண்டும்.

போவதற்கு முன் சந்தேகப்பட வேண்டியவர்களை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். எந்த வேலைக்கும் முன் அப்படிச் செய்வது என் பழக்கம். முதலாவது, உரிமையாளரின் மைத்துனர். இங்கே காணியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். இரண்டாவது, அதை வாங்கக் காத்திருக்கும் யாரோ ஒருவர். மூன்றாவது, அறிக்கையை அவசரப்படுத்திய எங்கள் மேலாளர். கந்தோரை நடத்தும் உப தபாலதிபரான பெண்மணியின் பெயர் அந்த வரிசையில் இருக்கவில்லை.

மைத்துனர் வாசலிலேயே காத்திருந்தார்.

"தங்கச்சி, நான் சுத்தி வளைச்சுக் கதைக்கேல்லை. வலப்பக்க மூலைத் தூண் உக்கிப் போச்சு. வேணுமெண்டால் குத்திப் பாருங்கோ."

தன் பக்கத்துக் கட்டடத்தின் குறையை இவ்வளவு ஆசையோடு காட்டும் மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. இவரே தண்ணீர் ஊற்றி உக்க வைத்திருக்கலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்றுகூடத் தேடினேன். குழாய் இல்லை. ஆனால் அந்த மூலைக்கு நேர் மேலே மழைநீர்ப் பீலி உடைந்து தொங்கியது. அதை யார் உடைத்தார்கள் என்ற கேள்வியை மைத்துனரின் கணக்கிலேயே எழுதிவைத்தேன்.

கட்டடம் சின்னது. தாழ்ந்த கல் அடித்தளத்தின்மேல் மரத் தூண்கள், பலகைச் சுவர், ஓட்டுக் கூரை. பின்னால் கொள்கலன் லொறிகள் போகும் சத்தத்துக்குப் பலகைகள் லேசாக அதிரும். தூண்கள் எல்லாம் புதிதாகச் சிவப்பு அடிக்கப்பட்டுப் பளபளத்தன. மூலைத் தூணைத் தட்டிப் பார்த்தேன். மரச் சத்தமும் இல்லை, உக்கிய சத்தமும் இல்லை. லொறி டயரைத் தட்டியது போல இருந்தது. அவ்வளவு தடிப்பாகப் பெயின்ட்; ஸ்க்ரூட்ரைவர் நுனியும் அதைத் தாண்டி இறங்கவில்லை.

உள்ளே உப தபாலதிபர் எனக்குப் பிளேன் டீயும் மீன் வைத்த மாலு பனிஸும் வைத்தார். அவர் என்னை மிஸ் என்றார், நானும் அவரை மிஸ் என்றேன். ஒரு கதிரையை எடுத்து வலப்பக்க மூலையில் போட்டு, அங்கேதான் காற்று வரும், இருங்க என்றார். கதிரைக்குப் பின்னால் கூரைக்குப் பாதி உயரம் வரை தபால் மூட்டைகள் அடுக்கியிருந்தன. காற்று வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. பனிஸ் நன்றாக இருந்ததால் அதைப் பற்றி அன்று அதிகம் யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை போனபோதும் அதே கதிரை, அதே மூட்டைகள். நான் இருக்கும்போதே தபால் வான் வந்தது. வேறு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. இவற்றை யாரும் தொடவில்லை. ஊருக்குப் போகாத தபால் எதற்கு ஒரு கந்தோரில் இருக்க வேண்டும்?

மூன்றாம் முறை போனபோது நேரே கேட்டேன், அந்த மூட்டைகளைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று. கவுண்டரில் நாலைந்து பேர் நின்றார்கள். முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அது இன்னைக்குப் போற தபால் மிஸ். வெளியாள் தொடக்கூடாது."

"போன கிழமையும் இதே மூட்டைதானே மிஸ் இருந்தது."

"அது வேற."

"அதே இடத்தில கிழிஞ்சு, அதே பச்சை நூலால தைச்சிருக்கு."

வரிசையில் முதலாவதாக நின்ற கிழவி சிரித்துவிட்டார். "எடுத்துக் காட்டிருங்க மிஸ். இந்தப் புள்ள பனிஸுக்கு மடங்காது."

உப தபாலதிபர் எழுந்து வந்து, பெரிய மூட்டை ஒன்றை ஒரு கையால் தூக்கி அப்பால் வைத்தார். உள்ளே பழைய பேப்பரைக் கசக்கி நிரப்பியிருந்தார்கள். பின்னால் தூணின் உட்பக்கம் கறுத்து வீங்கியிருந்தது. என் ஸ்க்ரூட்ரைவர் பிடி வரைக்கும் இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனி ஈரமாக இருந்தது.

மைத்துனர் சொன்னது உண்மை. என் வரிசையில் முதலாவதாக நின்றவர் பொய் சொல்லவில்லை. வரிசையிலேயே இல்லாதவர் இரண்டு முறை என்னைக் கதிரையில் உட்காரவைத்து ஏமாற்றியிருந்தார்.

"அவர் உள்ளதத்தான் சொல்வார்னு தெரியும் மிஸ்," என்றார் உப தபாலதிபர். "அவர் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னும் தெரியும்."

ஏன் மறைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். பக்கத்து வட்டாரத்தில் இப்படித்தான் ஒரு கந்தோரைத் திருத்த வேலைக்காகத் தற்காலிகமாக மூடுகிறோம் என்று போர்டு வைத்தார்களாம். போர்டு போய்விட்டது. இப்போது அங்கே ஃபோன் கடை. இந்த ஒழுங்கையில் மாதக் காசு எடுக்க வருபவர்களில் பாதிப் பேரால் பெரிய வீதியைக் கடக்க முடியாது. கதவு ஒரு நாள் மூடினால் பிறகு திறக்காது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

பெயின்ட் அடித்தவரை எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு, ஒழுங்கைக்காரர் சேர்ந்து வாங்கிய பெயின்டைத் தூண்களுக்குக் கோட் மேல் கோட்டாகப் பூசியிருக்கிறார்.

"கப்பலுக்கு அடிக்கிறது மிஸ். கடல் தண்ணியே உள்ள போகாது."

"போகாது ஐயா. மேல இருந்து உள்ள போன தண்ணி வெளியவும் வராது."

அவர் அண்ணாந்து உடைந்த பீலியைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய், கப்பலில் துரு சுரண்டும் தகட்டைக் கொண்டுவந்து, தான் பூசியதைத் தானே சுரண்டத் தொடங்கினார்.

அவர் சுரண்டிய இடத்தில்தான் நான் அதைக் கண்டேன். தூணின் மேல் முனையிலும் அதில் பொருந்தும் விட்டத்திலும் உளியால் வெட்டிய ஒரே மாதிரியான கோடுகள். அடுத்த மூலையையும் சுரண்டச் சொன்னேன். அங்கே வேறு கோடுகள், ஆனால் அவையும் சோடி. எந்த மரம் எதோடு சேரும் என்று தச்சர்கள் போட்ட அடையாளம். வேறெங்கோ செய்து, துண்டு துண்டாகக் கொண்டுவந்து, இங்கே பூட்டியிருக்கிறார்கள். ஊர் இந்த ஒழுங்கையோடு முடிந்த காலமாக இருந்திருக்க வேண்டும். எல்லையில் நிற்கும் கந்தோரை நாளை கழற்றி இன்னும் அப்பால் கொண்டுபோகலாம் என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். அதுவரை நான் அதன் வயதுக்கு ஆதாரம் தேடிக் களைத்திருந்தேன். வயதைவிடப் பெரிய பெறுமதி அந்தப் பூட்டு முறை. ஒரு தூண் கெட்டால் அந்தத் தூணை மட்டும் கழற்றலாம். மற்றவை நிற்கும்.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன்: உக்கிய அடி, உடைந்த பீலி, சுரண்டி எடுக்க வேண்டிய பெயின்ட், வெட்டுக்குறிகள், மரபுரிமைப் பெறுமதி உண்டு என்ற முடிவு. மூட்டைகளைப் பற்றி எழுதவில்லை. அது கட்டடத்தின் பாகம் அல்ல. கடைசியில், விட்டத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, கவுண்டரை இடப்பக்கம் நகர்த்தி, கந்தோர் ஒரு நாளும் மூடாமல் திருத்த முடியும், மூடத் தேவையில்லை என்று சேர்த்தேன். மேலாளர் அந்த வரியில் விரலை வைத்து, "அங்க உங்களுக்குச் சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அனுமதி வந்து, முட்டு வைத்த அன்று மைத்துனர் ஃபோன் எடுத்தார்.

"நான் சொன்னது சரிதானே தங்கச்சி?"

"ஓம் அண்ணை. முழுக்கச் சரி."

அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

தூணின் அடியை அறுத்துப் பலா மரம் பொருத்தியாகிவிட்டது. பீலியும் புதிது. ஆனாலும் எழுத்தில் வந்த அனுமதியை நான் நம்புவதில்லை. மாதம் ஒருமுறை, அந்தப் பக்கம் போகும் ஒரு சிநேகிதியிடம், அங்கே போடச் சொல்லி, ஒரு தபாலட்டை கொடுத்துவிடுகிறேன். வெள்ளவத்தை முகவரிக்கு, எனக்கே. அந்தக் கந்தோரின் முத்திரையோடு வந்தால், கதவு திறந்திருக்கிறது.

போன கிழமை வந்த அட்டையில் முத்திரை தெளிவாக இருந்தது. ஓரத்தில் பெருவிரல் அளவு சிவப்புக் கறை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தடிப்பாக உரிந்தது. உடனே கந்தோருக்கு ஃபோன் எடுத்தேன்.

"பீலிக்கு மட்டும்தான் மிஸ்," என்றார் உப தபாலதிபர், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

ஸ்க்ரூட்ரைவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.